14. சபைக்குக் கேட்காத குரல்

ஆறு வருஷமாகப் பேசாத அண்ணனிடம் காளியாத்தாள் போன வாரம் தானாகவே பேசிவிட்டாள் என்பது உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கும் இரண்டு வரி சொல்லிவிடலாம். பந்திக்குப் பிந்தி வந்தவர்களுக்கும் முதலிலிருந்துதானே பரிமாற வேண்டும்.

அப்பா விட்டுப் போன தோட்டத்தைப் பிரித்தபோது அண்ணன் தங்கைக்குள் வார்த்தை தடித்தது. அண்ணன் வேலுமணி கோபத்தோடு கோபமாக ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு தான்சானியாவுக்குப் போய்விட்டார். இப்போது காளியாத்தாளின் ஒரே மகள் தனப்பிரியாவுக்கு ராசிபுரத்தில் மாப்பிள்ளை கூடியிருக்கிறது. அவர்கள் வழக்கத்தில், தாய்மாமன் வாயைத் திறந்து "கொடுக்கச் சம்மதம்" என்று சபை கேட்கச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் இரண்டு வீட்டாரும் உப்பும் சர்க்கரையும் மாற்றி உறுதி செய்வார்கள். மாமன் இல்லாமல் அது நடக்காது. ஆகவே தங்கை வீம்பை விட்டுப் போன் செய்தாள். அண்ணனும் வீம்பு பார்க்கவில்லை. "சொல்றேன் அம்மிணி, கம்ப்யூட்டர்ல மூஞ்சியக் காட்டியே சொல்றேன்" என்றார்.

இன்றுதான் அந்த நாள்.

புதுச்சத்திரத்து வீட்டுக் கூடத்தில் நாற்பது பேர் ஜமுக்காளத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். தாம்பாளத்தில் உப்புப் பொட்டணமும் சர்க்கரைப் பொட்டணமும் அருகருகே இருந்தன. நல்ல நேரம் ஒன்பதேகாலிலிருந்து பத்தேகால் வரை.

மின்சாரம் இல்லை. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்கே நிறுத்திவிட்டார்கள். நாள் குறித்து, ஊருக்கெல்லாம் சொன்ன பிறகு வந்த அறிவிப்பு. இன்வர்ட்டர் பேட்டரி போன மாசமே படுத்துவிட்டது. மைக் செட் கிடையாது, டி.வி.யில் மாட்டிப் பார்க்கவும் வழியில்லை. பக்கத்து வீட்டில் ஒரு புளூடூத் ஸ்பீக்கர் உண்டுதான். அவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஏற்காடு போயிருந்தார்கள்.

மிச்சமிருந்தது தனப்பிரியாவின் லேப்டாப் ஒன்றுதான். அதன் பேட்டரி நிறைந்திருந்தது. அவள் போனிலிருந்து நெட் கொடுத்து, முக்காலி மேல் பட்டுத் துண்டு விரித்து, மாப்பிள்ளையை உட்கார வைப்பது போல அதை உட்கார வைத்திருந்தார்கள்.

ஒன்பதரைக்கு வேலுமணியின் முகம் திரையில் வந்தது. அங்கே காலை ஏழு மணி. கேம்ப்புக்குள் போனுக்குச் சிக்னல் இல்லாததால் ஆபீஸ் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். தலை நரைத்திருந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் பார்த்த கருகரு மீசை இப்போது உப்பும் மிளகுமாக இருந்தது. காளியாத்தாள் முக்காலியருகே வந்து நின்றாள்.

"வாங்கண்ணா" என்றாள்.

வேலுமணி சிரித்தார். வாய் அசைந்தது. ஏதோ சொன்னார். சாலையில் சேலம் போகும் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவ்வளவுதான் சபைக்குக் கேட்டது.

"என்னுங்க சொன்னாரு?" என்றார் பின்னால் இருந்த ஒருவர்.

"ஒண்ணும் கேக்கலீங்க."

காளியாத்தாளின் கணவர் சிவக்குமார் ஒரு லாரிக்குச் சொந்தக்காரர். எந்த எந்திரம் மக்கர் செய்தாலும் முதலில் ஒரு தட்டு தட்டிப் பார்க்கிறவர். லேப்டாப்பின் முதுகில் மெல்ல இரண்டு தட்டு தட்டினார்.

"அப்பா, அது டயர் இல்லீங்கப்பா" என்றாள் தனப்பிரியா, உட்கார்ந்த இடத்திலிருந்தே.

சிரிப்பு எழுந்தது. சிவக்குமார் விடவில்லை. சமையல்கட்டுக்குப் போய்க் காலி அண்டா ஒன்றைத் தூக்கி வந்து லேப்டாப்புக்குப் பின்னால் கவிழ்த்து வைத்தார். சத்தம் எதிரொலித்துப் பெரிதாகும் என்பது அவர் கணக்கு. அண்டாவுக்குள் ஈ மாட்டிக்கொண்டது போல ஒரு 'ங்ஙொய்' கேட்டது. வேறொன்றும் இல்லை.

மாப்பிள்ளை தமிழரசுவின் பக்கம் முதல் வரிசையில் ஜானகியம்மாள் உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளைக்குப் பெரியம்மா. தாயில்லாத பிள்ளையைத் தாயாக இருந்து வளர்த்தவர். அவர் வாயிலிருந்து வருவதுதான் அந்த வீட்டில் முடிவு. அவரிடம் காளியாத்தாள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனாள்.

"நீங்க காதக் கிட்ட வெச்சுக் கேளுங்க சம்பந்தி. நல்லாக் கேக்கும். அப்புறம் ஒவ்வொருத்தர்கிட்டயும் கொண்டாந்து காட்டறேன்."

ஜானகியம்மாள் அதைத் தொடக்கூட இல்லை.

"மாமன் சொல்லு ஒருத்தர் காதுல ஓதறதுக்கு அதென்ன மந்திரமா? சபை கேக்கோணும். நாளைக்கு ஒரு பேச்சு வந்துச்சுன்னா நாப்பது பேரும் நாங்க கேட்டம்னு சொல்லோணும். அதுக்குத்தானே கூட்டியிருக்குது."

சடங்கை நடத்தி வைக்க வந்திருந்த அருமைக்காரர் வெற்றிலையை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு, "அம்மா சொல்றது வாஸ்தவம்" என்றார். காளியாத்தாள் லேப்டாப்பை மறுபடி முக்காலியில் வைத்தாள்.

அதற்குப் பிறகு ஜானகியம்மாள் ஒன்று சொன்னார். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். ஆனால் மின்விசிறியும் ஓடாத கூடம் அது.

"எங்க சித்தப்பா மகன் ஒருத்தன் ரிக் வண்டியில இருக்கறான். சோறு போடுங்கன்னு கேட்டாலே சண்டைக்கு வந்தாப்பல இருக்கும். அந்தச் சத்தத்துல இருந்து இருந்து அவிய கொரலே அப்படி ஆயிரும். இவரு என்னடான்னா கோயில்ல முணுமுணுங்கற மாதிரிப் பேசறாரு. மனசில்லாதவன் பேச்சுத்தான் இப்படி இருக்கும்."

திருச்செங்கோட்டுப் பக்கம் ரிக்கில் ஆள் இல்லாத குடும்பம் எது? அங்கே இருந்த எல்லாருக்கும் ரிக்காரர்களின் குரல் தெரியும். பலர் தலையை ஆட்டினார்கள்.

அந்தச் சொல் காளியாத்தாளின் நெஞ்சில் போய்க் குத்தியது. வெளியார் சொன்னதற்காகக் கூட இல்லை. அவளுக்கே அந்த எண்ணம் ஒரு நொடிக்கு முன்னால் வந்திருந்தது. சின்ன வயசில் அண்ணன் கிணற்று மேட்டில் நின்று "காளீ" என்று ஒரு குரல் கொடுத்தால் நாலு தோட்டம் தாண்டி மாடு மேய்த்துக்கொண்டிருந்த இவளுக்குக் கேட்கும். அந்தக் குரலா இது? தங்கை கேட்டுவிட்டாளே என்று முகத்தாட்சண்யத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கிறாரோ? தோட்டத்துச் சண்டை இன்னும் உள்ளே கிடக்கிறதோ?

திரையில் வேலுமணி இன்னும் பேசிக்கொண்டுதான் இருந்தார். இங்கே பேசுவதெல்லாம் அவருக்குக் கேட்கிறது என்பதுதான் கொடுமை. "மனசில்லாதவன்" என்ற சொல்லையும் அவர் கேட்டிருப்பார்.

"இன்னொரு நாள் வெச்சுக்கலாமுங்க. போச்சாது, பரவால்ல" என்றார் ஜானகியம்மாள். "கரண்டும் இல்ல, மாமன் சொல்லும் இல்ல. சகுனம் ஒத்து வரலைன்னா நாம என்ன பண்றது?"

இன்னொரு நாள் என்றால் என்ன பொருள் என்று பெண் பெற்றவர்களுக்குத் தெரியும். சிவக்குமார் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அம்மா."

தனப்பிரியாதான். மாம்பழ நிறப் பட்டில், தலை நிறையப் பூவோடு, கூடத்தின் மறு ஓரத்திலிருந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமாவோட கழுத்தைப் பாருங்கம்மா. நரம்பு எப்படிப் புடைச்சிருக்குது. மாமா கத்தறாரு. அங்க அவரு தொண்டை கிழியக் கத்தறாரு. இந்த லேப்டாப்புத்தான் நமக்குச் சொல்ல மாட்டேங்குது."

காளியாத்தாள் திரும்பிப் பார்த்தாள். ஆமாம். கழுத்தின் இரண்டு பக்கமும் நரம்பு விறைத்து நின்றது. முகம் சிவந்திருந்தது. இவ்வளவு நேரமும் எல்லாரும் காதைத்தான் தீட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணனின் முகத்தை ஒருத்தி மட்டும்தான் பார்த்திருக்கிறாள்.

தனப்பிரியாவுக்கு அது தொழில். சேலம் அஸ்தம்பட்டியில் காது கேளாதவர்களுக்கான கிளினிக் ஒன்றில் காது மெஷின் பொருத்துகிறாள். யாருக்கு எது கேட்கிறது, எது கேட்கவில்லை என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள்.

"எந்திரிச்சு வந்து பாக்கறேம்மா" என்று அவள் பட்டுச் சேலையை ஒதுக்கினாள்.

"பொண்ணு சபையில உக்காந்தா உக்காந்ததுதான்" என்றார் ஜானகியம்மாள். "தமிழு இன்ஜினியரு. அவன் பாக்கட்டும். தமிழு, போய்ப் பாரு சாமி."

தமிழரசு எழுந்து வந்து முக்காலி முன்னால் மண்டியிட்டான். சத்தத்தைக் கூட்டும் பொத்தானை அழுத்தினான். நூறு என்று காட்டியது. அதற்கு மேல் போக நூற்றொன்று என்று ஒரு எண் அந்த லேப்டாப்பில் இல்லை. இரண்டு மூன்று இடங்களில் போய்ப் பார்த்தான். காது நுனி சிவந்தது. பிறகு எழுந்து நின்று, சபையைப் பார்த்தே சொன்னான்.

"பெரிம்மா, எனக்கு இது தெரியாதுங்க. நான் பாலம் கட்டற இன்ஜினியர். இன்னொண்ணும் சொல்லிடறேன். பழைய சிஸ்டம் காலாவதி ஆயிருச்சு, புதுசுக்கு மாத்திருன்னு போன ஞாயித்துக்கிழமை சொன்னதே நான்தான். நேத்து ராத்திரி ப்ரியா மாத்தினா. அதுக்கப்புறம்தான் சத்தம் இப்படி இறங்கியிருக்கும். தப்பு என்மேல. சரி பண்ணத் தெரிஞ்சது அவளுக்குத்தான்."

கல்யாணத்துக்கு முன்னாலேயே சபையில் தப்பை ஒத்துக்கொள்கிற மாப்பிள்ளையைப் புதுச்சத்திரத்தில் அதுவரை யாரும் பார்த்ததில்லை. பெண்கள் பக்கத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது.

ஜானகியம்மாள் காளியாத்தாளைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க சம்பந்தி? உங்க ஊட்டு வழக்கம் உங்களுக்குத்தான் தெரியும்."

அது கேள்வி இல்லை. பெண்ணை அடக்கி வை என்பதைத்தான் மரியாதையாகச் சொன்னார். காளியாத்தாளுக்கு அது புரிந்தது. இந்த மனுஷியின் வீட்டுக்குத்தான் மகள் வாழப் போகிறாள் என்பதும் புரிந்தது. ஒரு மூச்சு விட்டாள்.

"எம் பொண்ணு தெனமும் பத்துப் பேருக்குக் காது கேக்க வெக்கறவளுங்க. இன்னைக்கு நம்ம சபைக்குக் கேக்க வெக்கட்டும்" என்றாள். "எந்திரி கண்ணு. சேலை கசங்கினா கசங்குது."

தனப்பிரியா வந்து சப்பணம் போட்டு உட்கார்ந்து, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டாள். வளையல்கள் இடித்தன. கழற்றி அம்மாவிடம் கொடுத்தாள். நாற்பது பேர் பார்க்கிறார்களே என்ற கூச்சம் அவள் விரல்களில் இல்லை. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். பேசுகிற செயலியின் சத்தம் முழுசாக இருந்தது. ஸ்பீக்கர் அடைத்திருக்கிறதா என்று லேப்டாப்பின் சோதனை மணியை அடித்துப் பார்த்தாள். அதுவும் ஈனக் குரலில்தான் வந்தது.

"மாமா பேசறதுல கோளாறு இல்ல. எல்லாச் சத்தமுமே இறங்கியிருக்குது" என்று அப்பாவிடம் சொன்னாள். "உள்ள ஸ்பீக்கரை நடத்தறதுக்கு டிரைவர்னு ஒண்ணு இருக்கும்ப்பா. புது சிஸ்டம் வந்ததும் இந்தக் கம்பெனி டிரைவரைத் தூக்கிட்டு, பொதுவா எல்லா லேப்டாப்புக்கும் போடற ஒண்ணைப் போட்டிருக்குது."

"பழைய டிரைவர் வேலையை விட்டுப் போயிட்டானா?" என்றார் சிவக்குமார் கவலையோடு. டிரைவர் கிடைக்காத கஷ்டம் அவருக்குத்தான் தெரியும்.

"இல்லீங்கப்பா. உள்ளயேதான் சும்மா உக்காந்திருப்பான். கூப்பிட்டுப் பாக்கறேன்."

பழையதுக்குத் திரும்பு என்ற பொத்தானை அழுத்தப் போனாள். அது மங்கிக் கிடந்தது, அழுந்தவில்லை. காளியாத்தாள் மகளின் முகத்தைப் பார்த்தாள். அதில் கலக்கம் இல்லை. உதட்டை மட்டும் லேசாகக் கடித்துக்கொண்டு வேறு வழியாக உள்ளே போனாள். கம்ப்யூட்டருக்குள் ஏற்கெனவே இருக்கிற டிரைவர்களின் பட்டியல் வந்தது. இரண்டே இரண்டு பெயர்கள். கீழே இருந்ததைத் தொட்டாள்.

"அம்மா, இனி அணைச்சுப் போடோணும். மாமா லைன் கட்டாயிரும்."

மணி பத்து அடிக்க ஐந்து நிமிஷம்.

ஆறு வருஷத்துக்குப் பிறகு வந்த முகம். மனசில்லாதவன் என்று ஒரு சொல்லை வேறு கேட்டுக்கொண்டு அங்கே உட்கார்ந்திருக்கிறது. இந்த நிமிஷத்தில் அந்த முகத்தின் மேல் திரையை இருட்டாக்கினால் அண்ணன் என்ன நினைப்பார்? எழுந்து ரிக்குக்குப் போய்விட்டால்?

காளியாத்தாள் லேப்டாப்புக்கு முன்னால் குனிந்தாள்.

"அண்ணா, உங்க கொரலு எங்களுக்குக் கேக்கலீங்கண்ணா. மெஷின்ல கோளாறு. உங்க மேல எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல. இப்ப அணைச்சுப் போடறோம். பத்து நிமிஷம் ஆவட்டும், எத்தனை ஆவட்டும், எனக்காக அங்கயே உக்காந்திருங்க."

சந்தேகம் இல்லை என்று சொன்னபோது அவள் குரல் உடைந்தது. ஒரு நிமிஷம் சந்தேகப்பட்டவள் அல்லவா. திரையில் வேலுமணி உள்ளங்கையை உயர்த்திக் காட்டினார். திரை கறுத்தது.

அது திரும்ப உயிர் பெற எடுத்துக்கொண்ட நேரம் இருக்கிறதே, பிரசவ அறைக்கு வெளியே நிற்கிற நேரம் போல. வட்டமாகப் புள்ளிகள் சுற்றின. முப்பது சதவீதம் என்றது. முப்பதிலேயே நின்றது. யாரோ முறுக்கைக் கடிக்கிற சத்தம் கேட்டது. அருமைக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஜானகியம்மாள் கூட முந்தானையால் விசிறிக்கொள்வதை நிறுத்திவிட்டார்.

பத்து மணி ஏழு நிமிஷத்துக்குத் திரை வெளிச்சமானது. தனப்பிரியா கடவுச்சொல்லைப் போட்டாள், நெட்டை இணைத்தாள், மாமனைக் கூப்பிட்டாள். ஒரு முறை மணி அடித்தது. இரண்டாம் முறை. அந்த மணியோசையே கூடத்தை நிறைத்தது. அதைக் கேட்டவுடன் மகள் அம்மாவைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள்.

"அம்மிணீ, கேக்குதா?"

குழந்தை ஒன்று வீரிட்டது. ஓட்டின் மேல் இருந்த காக்கைகள் பறந்தன. சிவக்குமாரின் அண்டா தானாகவே ஒரு முறை அதிர்ந்தது.

"கேக்குதுண்ணா" என்றாள் காளியாத்தாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை.

"அப்ப சபையில இருக்கற பெரியவங்க எல்லாத்துக்கும் வேலுமணியோட கும்புடுங்க. எந் தங்கச்சி மகளைத் தமிழரசு தம்பிக்குக் குடுக்கறதுக்கு, தாய்மாமன் எனக்கு முழுச் சம்மதமுங்க. இதை நான் முதல் தடவையே சொன்னனுங்க. மூணு தடவை சொன்னனுங்க. மனசில்லாம சொன்னதில்ல."

அந்தக் கடைசி வாக்கியம் யாருக்கு என்று எல்லாருக்கும் தெரிந்தது. ஜானகியம்மாள் காதைப் பொத்திக்கொண்டே சிரித்துவிட்டார்.

"ரிக்காரருதான், ஒத்துக்கறனுங்க. கொஞ்சம் கம்மி பண்ணு கண்ணு, காது கிழியுது."

"மாமன் சொல்லு சபைக்குக் கேட்டுச்சுங்களா?" என்றார் அருமைக்காரர்.

"கேட்டுச்சுங்க" என்றார்கள் நாற்பது பேரும்.

பத்தேகாலுக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது உப்பும் சர்க்கரையும் கைமாறின. ஜானகியம்மாள் மருமகளாகப் போகிறவளின் வாயில் சர்க்கரையை ஊட்டிவிட்டு, அவள் முகத்தைக் கையால் வழித்து நெட்டி முறித்தார். "எங்க ஊட்டு டி.வி.யும் ரெண்டு மாசமாச் சத்தமே வரமாட்டேங்குது சாமி" என்றார். கூடம் சிரித்தது. காளியாத்தாளின் கையில் இருந்த வளையல்களை வாங்கித் தமிழரசு தானே தனப்பிரியாவிடம் நீட்டினான்.

காளியாத்தாள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றாள். மகள் படித்த படிப்புக்கு மாப்பிள்ளை வீட்டில் என்ன சொல்வார்களோ என்று பயந்துகொண்டிருந்தவள் அவள். இப்போது கசங்கிய பட்டோடு நிற்கும் மகளைப் பார்த்தால், கசங்காத சேலை கட்டிய பெண் ஒருத்தியாவது இந்த ஜில்லாவில் இவளுக்கு ஈடாவாளா என்று தோன்றியது. தோன்றட்டும். பெற்றவளுக்கு இந்த ஒரு நாள் கூடவா கர்வம் கூடாது?

வேலுமணி எல்லாருக்கும் கும்பிடு போட்டுவிட்டுக் கையை நீட்டி எதையோ அழுத்தினார். படம் மறைந்து கறுப்பாயிற்று. பந்திக்கு இலை போட ஆட்கள் எழுந்தார்கள்.

ஆனால் அவர் அணைத்தது படத்தை மட்டும்தான்.

"பாத்தியா எம் மருமகளை?" கறுத்த திரையிலிருந்து அவர் குரல் கணீரென்று வந்தது. பக்கத்தில் யாரிடமோ பேசுகிறார். எழுந்தவர்கள் எழுந்தபடி நின்றார்கள். "பட்டுச் சேலையோட உக்காந்து மெஷினையே மாத்திப் போட்டுட்டா. எந் தங்கச்சி வளத்த புள்ள. ஆப்பிரிக்கா முழுக்கத் தேடினாலும் கிடைக்காது."

காளியாத்தாளின் முகம் பூத்தது. சிவக்குமார் மீசையைத் தடவிக்கொண்டார்.

"தங்கச்சிகிட்ட என்னைப் பத்திச் சொன்னீங்களா?"

அது ஒரு பெண்ணின் குரல். தமிழ்தான். ஆனால் நம் பக்கத்துத் தமிழ் இல்லை.

வேலுமணி மனைவியை இழந்து பத்து வருஷம் ஆகிறது. அங்கே ஒற்றை ஆளாகச் சமைத்துச் சாப்பிடுகிறார் என்றுதான் உறவெல்லாம் நினைத்திருந்தது.

"இன்னும் இல்ல" என்றார் வேலுமணி. "காளிகிட்டச் சொல்றதுன்னா அது வேற மாதிரி. கல்யாணத்துக்குப் போறப்ப நம்ம ரெண்டு பேரும்..."

காளியாத்தாள் மூன்றே எட்டில் முக்காலியை அடைந்து லேப்டாப்பை மூடினாள். பொத்தென்று சத்தம் வந்தது. குரல் நின்றது.

"அட, முழுசாக் கேட்டிருக்கலாமே சம்பந்தி" என்றார் ஜானகியம்மாள், கழுத்தை நீட்டியபடி. "நல்லாத்தான் கேட்டுச்சு."

"எங்கண்ணன் எங்கிட்டச் சொல்றப்ப நான் கேட்டுக்கறனுங்க" என்றாள் காளியாத்தாள். அவள் குரல் நிதானமாக இருந்தது. லேப்டாப்பின் மேல் வைத்த கையை மட்டும் எடுக்கவில்லை. "வாங்க, எல்லாரும் சாப்பிட வாங்க. பருப்புக்கு நெய் சூடா இருக்குது."